உடம்புக்கு ஒரே கணக்குதான்

சென்னையில் லாங் ரன் (வாரம் ஒருமுறை ஓடும் நெடுந்தூர ஓட்டம்) என்றால் ஞாயிறு அதிகாலை மூன்றரைக்கே அலாரம் வைக்க வேண்டும். ஏழு மணிக்கு மேல் வெயிலும் புழுக்கமும் ஓட விடாது. சனி ராத்திரி பன்னிரண்டுக்குப் படுத்தும் எழுந்து போய் 25 கிலோமீட்டர் முடித்து வருகிறவரை எங்கள் வாட்ஸ்அப் குழுவே பாராட்டும். நானும் பாராட்டியிருக்கிறேன். இனிமேல் மாட்டேன்.

ஜனவரி மராத்தானுக்காக வாரம் 60 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்த சமயம், நவம்பரில் அப்பாவுக்கு மாரடைப்பு. (இப்போது நன்றாக இருக்கிறார்.) பத்து நாள் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூக்கம், விடிந்ததும் ஓட்டம், அப்புறம் ஆபீஸ். பயிற்சி பிளானில் ஒரு நாளைக்கூட விடவில்லை. ஓடினால் மனசு லேசாகும் என்று நம்பினேன். ஓடுகிற அந்த ஒரு மணி நேரம் லேசாகத்தான் இருந்தது.

கண் விழித்ததும் மணிக்கட்டில் விரல் வைத்து நாடி எண்ணுவது என் பழக்கம். வழக்கமாக நிமிடத்துக்கு 54; ஏறினால் உடம்பு இன்னும் தேறவில்லை என்று அர்த்தம். அந்த நாட்களில் 60, 63, ஒரு நாள் 67. எண்ணி முடித்து, ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். கிலோமீட்டருக்கு 6 நிமிடம் என்ற வேகத்தில் பேசிக்கொண்டே ஓடுகிற எனக்கு அதைவிட மெதுவான 6:40-லேயே மூச்சு வாங்கியது. பயிற்சி போதவில்லை போலிருக்கிறது என்று டெம்போ ஓட்டத்தை (சீரான, ஆனால் கடினமான வேகத்தில் ஓடுவதை) கூட்டினேன். டிசம்பரில் இடது முழங்காலுக்குக் கீழே எலும்பில் மயிரிழை விரிசல். மராத்தானும் போனது.

ஓடும்போது உடம்பு நையத்தான் செய்யும். பலம் ஏறுவது ஓய்வில், முக்கியமாக வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரக்கும் ஆழ்ந்த தூக்கத்தில். 1936-லேயே ஹான்ஸ் செல்யே என்ற விஞ்ஞானி எலிகளை வைத்துப் பார்த்து எழுதிவிட்டார்: குளிரோ, காயமோ, அளவு மீறிய உடலுழைப்போ, எதுவானாலும் உடம்பு ஒரே மாதிரிதான் தவிக்கிறது. மேலாளர் திட்டினாலும் மேம்பாலத்தில் மூச்சு முட்ட ஏறினாலும் சுரப்பது அதே கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோன்தான். பெஞ்சில் கழித்த ராத்திரிகளை என் பிளான் கணக்கில் எடுக்கவில்லை, உடம்பு எடுத்துக்கொண்டது.

2011 பாஸ்டன் மராத்தானை 2:04:58-ல் ஓடிய அமெரிக்க வீரர் ரயன் ஹால், தீராத களைப்பாலும் குறைந்துபோன டெஸ்டோஸ்டிரோனாலும் 2016-ல், 33 வயதில் ஓய்வு பெற்றார். வியன்னாவில் 1:59:40-ல் மராத்தான் தூரத்தைக் கடந்த கென்ய வீரர் கிப்சோகே, தன் நாட்டின் கப்தகாட் மண் சாலையில் லேசான ஓட்ட நாட்களில் ஓடும் வேகத்தைப் பாருங்கள், நம் ஆட்களே கொஞ்ச தூரம் அவருடன் சேர்ந்து ஓடலாம் போலிருக்கும். மதியமும் தூங்குவார். ஓடுவதே தொழிலாக இருப்பவர்கள் இப்படி. எட்டு மணி நேர வேலை, இரண்டு மணி நேர டிராஃபிக், வீட்டுக் கவலை எல்லாம் சுமக்கிற நாம் அவர்களைவிட அதிகமாக அல்லவா ஓய்வெடுக்க வேண்டும்?

போன வாரம் குழுவில் ஒரு தம்பி எழுதியிருந்தான். குழந்தைக்குக் காய்ச்சல், மூன்று ராத்திரியாகத் தூக்கமில்லை, ஆனாலும் ஞாயிறு 28 கிலோமீட்டருக்கு வந்துவிடுவேன் என்று. உடனே போன் போட்டேன்.

"தூங்குப்பா. புதன்கிழமை பார்த்துக்கலாம்."

"பிளான் போயிடுமே அண்ணா?"

"போகட்டும்."

ஞாயிறு காலை, ஓட்டங்களைப் பதியும் ஸ்ட்ராவா செயலியில் தேடினேன். அவன் ஓட்டம் எதுவும் பதிவாகவில்லை. நிம்மதியாக இருந்தது.