பெரிய கோலிக்கு ஏன் சின்ன விலை?

பதிவு கொஞ்சம் நீளம். ஐஸ் ஹாக்கி பிடிக்காதவர்கள் தாண்டிப் போய்விடலாம், கோபமில்லை.

என்.ஹெச்.எல். என்ற வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீகில் ஆடும் வினிபெக் ஜெட்ஸ் அணி, தன் கோலியான (வலை காக்கும் கோல்கீப்பர்) கானர் ஹெல்லபக்கை விற்றால் (பணத்துக்கு இல்லை, வேறு ஆட்டக்காரர்களுக்கோ டிராஃப்ட் பிக்குக்கோ மாற்றினால்) என்ன கிடைக்கும் என்ற பேச்சு நண்பர்கள் வட்டத்தில் அடிக்கடி வந்துவிடுகிறது. ஒருவர் மூன்று முதல் சுற்று டிராஃப்ட் பிக் என்கிறார். டிராஃப்ட் பிக் என்பது ஆண்டுதோறும் புது இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை; முதல் சுற்று பிக்குக்குத்தான் மதிப்பு அதிகம். இன்னொருவர் அதோடு ஒரு இளம் நட்சத்திரத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்கிறார். கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. 2020, 2024, 2025 என்று மூன்று முறை, ஆண்டின் சிறந்த கோலிக்கான வெசினா கோப்பை வாங்கியவர். 2025-இல் லீகின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரருக்கான ஹார்ட் கோப்பையும் அவருக்கே. 2015-இல் கேரி பிரைஸ் வாங்கியதற்குப் பிறகு அதை வாங்கிய முதல் கோலி இவர்தான். இப்படிப்பட்டவருக்கு வானளாவ விலை கிடைக்காதா என்றால், கிடைக்காது என்பதுதான் என் பதில். கோலிகளின் சந்தை திறமைக்கு விலை போடுவதில்லை. எந்த அணியின் வலை காலியாக இருக்கிறது, சம்பள வரம்பில் (ஒரு அணி மொத்தச் சம்பளத்துக்குச் செலவிட லீக் விதிக்கும் உச்சம்) எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்பதற்குத்தான் அங்கே விலை.

மார்க்-ஆந்த்ரே ஃப்ளூரியைப் பாருங்கள். 2003 டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர். பிட்ஸ்பர்க் அணியோடு 2009, 2016, 2017-இல் லீக் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை வென்றவர். மூன்றாவது கோப்பை கைக்கு வந்த அதே மாதம் வேகாஸ் என்ற புது அணிக்காக விரிவாக்க டிராஃப்ட் (புது அணி மற்ற அணிகளிலிருந்து ஆள் எடுத்துக்கொள்வது) நடந்தது. ஒவ்வொரு அணியும் ஒரே ஒரு கோலியைத்தான் பாதுகாக்கலாம். பிட்ஸ்பர்க் இளையவரான மேட் மர்ரியை வைத்துக்கொண்டது. ஃப்ளூரியை வேகாஸ் எடுத்துக்கொள்வதற்காகத் தன் இரண்டாம் சுற்று பிக் ஒன்றையும் கையில் கொடுத்து அனுப்பியது. அதாவது, விற்றவன்தான் காசு கொடுத்தான்.

அப்புறம் 2021. ஃப்ளூரிக்கு வெசினா கிடைத்தது. இந்த விருதுக்கு ஓட்டுப் போடுவது பத்திரிகையாளர்கள் இல்லை, ஆட்டக்காரர்களை வாங்கி விற்கும் அணிகளின் ஜெனரல் மேனேஜர்களேதான். இவர்தான் இந்த ஆண்டின் சிறந்த கோலி என்று அவர்களே சொல்லி ஒரு மாதம்கூட ஆகவில்லை, வேகாஸ் அவரைச் சிகாகோவுக்குத் தள்ளிவிட்டது. பதிலுக்கு வந்தவர் மிக்காயெல் ஹக்கராய்னன் என்ற ஃபின்லாந்துக்காரர். அவர் வேகாஸ் சட்டையில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. வெறும் பெயருக்கு ஒரு பதில் ஆள், அவ்வளவுதான். ஓட்டுப் போட்ட மேனேஜர்களில் ஒருவர்கூட ஒரு நல்ல பிக்கைத் தூக்கி மேசையில் வைக்கவில்லை.

காரணம் எளிது. அந்த ஆண்டுச் சம்பள உச்சவரம்பு 8.15 கோடி டாலர். கோவிட் காலம் என்பதால் அது உயரவும் இல்லை. ஃப்ளூரி 70 லட்சம், அவரோடு இருந்த ராபின் லேனர் 50 லட்சம். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே நிற்கக்கூடிய இடத்துக்கு 1.2 கோடி. ஒரு உறைக்குள் இரண்டு கத்தி. வேகாஸுக்குத் தேவைப்பட்டது ஆள் இல்லை, அந்த 70 லட்சம் டாலர் இடம்.

எட்டு மாதம் கழித்து, 2022 மார்ச்சில், சிகாகோ அவரை மினசோட்டாவுக்கு விற்றது. இந்த முறை ஒரு இரண்டாம் சுற்று பிக் கிடைத்தது; மினசோட்டா வெகுதூரம் முன்னேறினால் அது முதல் சுற்று பிக்காக மாறும் என்ற நிபந்தனையோடு. அப்போது ஃப்ளூரிக்கு வயது 37. ஆக, 32 வயதில் விலை மைனஸ், 36 வயதில் விருதோடு பூஜ்யம், 37-இல்தான் பிளஸ். திறமை ஏறியதாலா? இல்லை. ஒப்பந்தத்தில் சில மாதங்களே மிச்சம், சம்பளத்தில் பாதியைச் சிகாகோவே ஏற்றுக்கொண்டது, மினசோட்டா பிளேஆஃபுக்கு (கோப்பைக்கான இறுதிக்கட்டச் சுற்றுகள்) ஆள் தேடிக்கொண்டிருந்தது. மூன்றும் ஒன்றாகக் கூடி வந்தன.

இதை இன்னும் தெளிவாகக் காட்டுவது டொமினிக் ஹாஷெக்கின் கதை. 2001-இல் அவருக்கும் 36 வயது. அந்த ஆண்டு அவரும் வெசினா வென்றிருந்தார், ஆறாவது முறையாக. அந்தக் கோடையில் பஃபலோ அவரை டெட்ராய்ட்டுக்கு விற்றது. கிடைத்தது வியாசஸ்லாவ் கோஸ்லோவ் என்ற நிரூபித்த ஃபார்வர்டும் (முன்வரிசைத் தாக்குதல் ஆட்டக்காரர்) ஒரு முதல் சுற்று பிக்கும், மேலும் கொஞ்சமும். அதே வயது, அதே விருது, இருபது ஆண்டு இடைவெளி. நடுவில் வந்தது 2005-இல் தொடங்கிய சம்பள உச்சவரம்பு. விற்கப்பட்ட அடுத்த ஆண்டே, 2002-இல், ஹாஷெக் டெட்ராய்ட்டில் கோப்பையைத் தூக்கினார். ஆனால் அங்கே ஏற்கெனவே இருந்த கிறிஸ் ஆஸ்குட் என்ன ஆனார் என்பதையும் கவனியுங்கள். 1998-இல் அந்த அணிக்குக் கோப்பை வென்று கொடுத்த முதன்மைக் கோலி. ஹாஷெக் வந்ததும் வலையில் இடமில்லை. அவரை வெய்வர் டிராஃப்டில் (பாதுகாக்கப்படாத ஆட்டக்காரர்களை மற்ற அணிகள் எடுத்துக்கொள்வது) நியூயார்க் ஐலண்டர்ஸ் எடுத்துக்கொண்டு போனது. டெட்ராய்ட்டுக்குப் பைசா வரவில்லை.

ஃபார்வர்ட் என்றால் ஒரு ஆட்டத்துக்கு 12 பேர் வேண்டும். நல்லவன் ஒருவன் வந்தால் பழைய ஆளை அடுத்த வரிசைக்கு இறக்கிக்கொள்ளலாம். கோலிக்கு வலை ஒன்றுதான். 32 அணிகளில் எந்தக் கோடையை எடுத்தாலும் நிஜமாகவே முதன்மைக் கோலி தேவைப்படும் அணிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவற்றிலும் பாதிக்குச் சம்பளத்துக்கு இடம் இருக்காது. சில அணிகளுக்குப் போகமாட்டேன் என்று கோலியின் ஒப்பந்தத்திலேயே இருக்கும். கடைசியில் மிஞ்சுவது இரண்டு பேர். இரண்டு பேர் கேட்கும் ஏலத்தில் விலை எங்கே ஏறும்?

விற்கிறவனின் அவசரம் வெளியே தெரிந்துவிட்டால் அதுவும் போச்சு. மாண்ட்ரியல் கோலி பாட்ரிக் ருவாவின் கதை இதுதான். 1995 டிசம்பர் 2, மாண்ட்ரியல் ஃபோரம். டெட்ராய்ட் 11-1 என்று அடித்து நொறுக்கிய இரவு. ருவா 26 ஷாட்களில் ஒன்பது கோல் வாங்கும் வரை பயிற்சியாளர் மாரியோ டிரெம்ப்ளே அவரை வெளியே எடுக்கவில்லை. நடுவில் ஒரு சுலபமான ஷாட்டைப் பிடித்ததும் சொந்த ஊர் ரசிகர்களே கேலியாகக் கை தட்டினார்கள். ருவா இரண்டு கைகளையும் உயர்த்திக் காட்டினார். கடைசியில் வெளியே வந்தவர் பயிற்சியாளரைத் தாண்டி நடந்து, பெஞ்சுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அணி நிர்வாகத் தலைவர் ரொனால்ட் கோரியிடம் குனிந்து, மாண்ட்ரியலுக்காக இதுவே என் கடைசி ஆட்டம் என்று சொன்னார். எல்லாமே தொலைக்காட்சியில். நான்கு நாளில் கொலராடோவுக்கு ட்ரேட். அணியின் கேப்டன் மைக் கீனையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, ஜோஸ்லின் தீபோ, மார்ட்டின் ருச்சின்ஸ்கி, ஆந்த்ரே கோவலென்கோ மூவரையும் வாங்கிக்கொண்டார்கள். கொலராடோ அந்தப் பருவத்திலேயே கோப்பை வென்றது. 2001-இல் மறுபடியும், ருவாவோடு. மாண்ட்ரியல் மேனேஜர் ரெஜான் ஊலைத் திட்டாதவர்கள் அந்த ஊரில் இல்லை. ஆனால் நான்கு நாளில், லீக் முழுக்க விஷயம் தெரிந்த பிறகு, யார் உட்கார்ந்திருந்தாலும் பெரிதாக வாங்கியிருக்க முடியாது என்பது என் எண்ணம்.

சரி, அப்படியானால் கோலிகளுக்கு நல்ல விலையே கிடைத்ததில்லையா? கிடைத்திருக்கிறது. ஆனால் யாருக்கு என்று பாருங்கள். 2011-இல் வாஷிங்டன் 23 வயது செமியோன் வர்லாமோவை கொலராடோவுக்கு விற்று ஒரு முதல் சுற்று, ஒரு இரண்டாம் சுற்று பிக் வாங்கியது. 2013-இல் வான்கூவர் கோரி ஷ்னைடரை விற்று முதல் சுற்றின் ஒன்பதாவது பிக்கை வாங்கியது. அதில் வந்த போ ஹோர்வட் பிற்பாடு அந்த அணியின் கேப்டன். 2024-இல் நாஷ்வில் யாரோஸ்லாவ் அஸ்கரோவை விற்று, முதல் சுற்று பிக் ஒன்றும் டேவிட் எட்ஸ்ட்ரோம் என்ற இளைஞரும் பெற்றது. அஸ்கரோவ் அப்போது என்.ஹெச்.எல்.லில் ஆடியதே மூன்றே மூன்று ஆட்டம்.

வெசினா வென்றவருக்குப் பூஜ்யம், மூன்று ஆட்டம் ஆடியவருக்கு முதல் சுற்று பிக். பைத்தியக்காரத்தனம் போலத் தெரியும், ஆனால் கணக்கு இடிக்கவில்லை. இளம் கோலிக்குச் சம்பளம் கொஞ்சம், ஆசை நிறைய. பெரிய கோலிக்கு நேர்மாறு.

வான்கூவர் உண்மையில் விற்க நினைத்தது ஷ்னைடரை இல்லை, ராபர்ட்டோ லுவாங்கோவை. அவருக்கோ 12 ஆண்டு, 6.4 கோடி டாலர் ஒப்பந்தம். 2013 ட்ரேட் கெடு நாளில் (அந்தப் பருவத்தில் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளக் கடைசி நாள்) யாரும் சீந்தவில்லை. அன்று நிருபர்களிடம் என் ஒப்பந்தம் படுமோசம் என்று அவரே சொல்லிவிட்டார். பிற்பாடு ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போன மனிதர். அதனால் சின்னவரை விற்றார்கள், மறு ஆண்டு பெரியவரையும் ஃபுளோரிடாவுக்கு அனுப்பினார்கள். இரண்டு கத்தியும் போய் உறை மட்டும் மிஞ்சியது.

டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் ரசிகனாக ஒன்றைச் சொல்லாமல் விட்டால் எனக்கு மனசு ஆறாது. 2006-இல் டொராண்டோ, ஒரே ஒரு நல்ல பருவத்தை நம்பி, ஆண்ட்ரூ ரேக்ராஃப்டை பாஸ்டனிடமிருந்து வாங்கியது. கொடுத்தது டூக்கா ராஸ்கை. ரேக்ராஃப்ட் இரண்டு பருவத்தில் காலி. ராஸ்க் 2014-இல் வெசினா வென்றார். 2013, 2018, 2019 என்று மூன்று முறை பிளேஆஃப் தொடரின் முடிவான ஏழாவது ஆட்டத்தில் பாஸ்டன் எங்களை வீட்டுக்கு அனுப்பியபோதும் எதிர் வலையில் நின்றவர் அவர்தான். 1967-க்குப் பிறகு கோப்பையைப் பார்க்காத அணிக்கு இப்படியும் ஒரு சோதனை.

ஒரு பருவ எண்ணை நம்பக் கூடாது என்பதற்குக் கணக்கும் உண்டு. சுமாரான கோலி நூறு ஷாட்டில் 90-ஐத் தடுக்கிறார், மிக நல்லவர் 91.5 தடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பருவத்தில் 1,600 ஷாட் வந்தால் வித்தியாசம் 24 கோல். ஒரு அணியைப் பிளேஆஃபுக்குள் தள்ளவோ வெளியே நிறுத்தவோ அது போதும். அதே சமயம் கம்பத்தில் பட்டுத் திரும்பியது, நம் ஆள் ஸ்கேட்டிலேயே பட்டு உள்ளே போனது என்று அதிர்ஷ்டத்திலும் அந்த 24 சுலபமாக வந்து போகும். ஷாட் எங்கிருந்து, எந்தக் கோணத்தில் வந்தது என்று பார்த்து, எதிர்பார்த்ததைவிட எத்தனை கோல் கூடத் தடுத்தார் என்று கணக்கிடும் முறை இப்போது இருக்கிறது. வெறும் சேவ் சதவீதத்தைவிட அது எவ்வளவோ மேல். ஆனாலும் மூன்று, நான்கு பருவத்தைச் சேர்த்துப் பார்க்காமல் நான் எந்தக் கோலியையும் நம்பமாட்டேன்.

மேனேஜர்களுக்கு இந்தப் பயம் தெரியும். தவிர, மலிவாகக் கிடைத்தவர்களின் கதையும் அவர்கள் மனதில் இருக்கும். 2003-இல் மீக்கா கிப்ருசாஃபை கால்கரி ஒரு இரண்டாம் சுற்று பிக்குக்கு வாங்கியது. அந்தப் பருவத்திலேயே கோப்பை இறுதியின் ஏழாவது ஆட்டம் வரை போனது. ஏடின் ஹில்லை வேகாஸ் ஒரு நான்காம் சுற்று பிக்குக்கு வாங்கி 2023-இல் கோப்பையே வென்றது. அவ்வளவு மலிவாகக் கிடைக்கும்போது மூன்று முதல் சுற்று பிக் யார் கொடுப்பார்?

இனி ஹெல்லபக். 2023 கோடையில் அவர் ஒப்பந்தத்தில் ஒரே ஆண்டுதான் பாக்கி. விற்றுவிடுங்கள், சும்மா போய்விடுவார் என்று எல்லோரும் சொன்னார்கள். ஜெனரல் மேனேஜர் கெவின் ஷெவல்டேயாஃப் அசையவில்லை. அக்டோபரில் ஏழு ஆண்டு ஒப்பந்தம், ஆண்டுக்கு 85 லட்சம் டாலர். அதற்குப் பிறகு வந்தவைதான் இரண்டு வெசினாவும் ஹார்ட்டும். அந்தக் கோடையில் பயந்து விற்றிருந்தால் என்ன வந்திருக்கும் என்பதற்கு லினஸ் உல்மார்க் ஒரு அளவுகோல். 2023-இல் வெசினா வென்றவர், மறு ஆண்டு, அவரும் ஒப்பந்தத்தில் ஓராண்டு பாக்கியோடு, பாஸ்டனிலிருந்து ஒட்டாவாவுக்குப் போனார். கிடைத்தது 25-ஆவது பிக், கீழ்வரிசை ஃபார்வர்ட் ஒருவர், பெரிய ஒப்பந்தத்தோடு கோலி யோனாஸ் கோர்பிசாலோ.

இன்று விற்றால்? ஒப்பந்தம் முடியும்போது அவருக்கு 38 வயது. 2025 பிளேஆஃபில் செயின்ட் லூயிஸ் மண்ணில் ஆடிய மூன்று ஆட்டத்திலும் அவரைப் பாதியில் வெளியே எடுக்க வேண்டியிருந்தது என்பதை எந்த மேனேஜரும் பேரத்தில் எடுத்துப் போடாமல் இருக்கமாட்டார். என் மதிப்பீடு இது: ஒரு முதல் சுற்று பிக், ஒரு நல்ல இளம் ஆட்டக்காரர், சம்பளத்தைச் சரிக்கட்ட எதிர் அணியின் பழைய கோலி. இரண்டாவது முதல் சுற்று பிக் வேண்டுமென்றால் வினிபெக் சம்பளத்தில் ஒரு பங்கைத் தானே சுமக்க வேண்டும், அதுவும் வாங்குகிறவர் அந்த ஆண்டே கோப்பைக்குப் பறக்கிற அணியாக இருந்தால்.

அந்த விலைக்கு வினிபெக் விற்காது. விற்கவும் கூடாது. 85 லட்சத்துக்கு அப்படி ஒருவர் வேறு எங்கே கிடைப்பார்? 2024 டிசம்பரில் நியூயார்க் ரேஞ்சர்ஸ் ஈகோர் ஷெஸ்டெர்கினுக்கு எழுதிக் கொடுத்தது ஆண்டுக்கு 1.15 கோடி.