போட்டியாளரை விலைக்குக் கேட்பதும் ஒரு போட்டி உத்திதான்

ஒரு விமான நிறுவனம் தன் போட்டியாளரை வாங்க விலை சொன்னவுடன், பங்கு ஒன்றுக்கு எவ்வளவு என்பதே தலைப்புச் செய்தியாகிறது. போட்டி ஆணையம் அனுமதிக்குமா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது. ஆணையம் தடுத்துவிட்டால், பயணிகள் தப்பித்தார்கள் என்று எழுதிவிட்டு எல்லோரும் வேறு வேலை பார்க்கப் போய்விடுகிறோம். நானும் நெடுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். சில பெரிய முயற்சிகளைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை படித்துப் பார்த்த பிறகு அந்த எண்ணம் மாறிவிட்டது. முயற்சி தோற்றுப்போனாலும், அது நீடிக்கும் காலம் முழுவதும் கேட்கப்பட்ட நிறுவனத்தின் கைகள் கட்டப்பட்டுவிடுகின்றன. எனவே, விலைக்குக் கேட்பதையே போட்டியின் ஓர் ஆயுதமாகக் கருதி எடைபோட வேண்டும் என்பது என் கருத்து.

முதலில், எதற்காக வாங்குகிறார்கள் என்று பார்ப்போம். விமானங்களுக்காக மட்டும் என்றால் அவற்றைக் குத்தகைக்கே எடுத்துக்கொள்ளலாம். நெரிசலான விமான நிலையங்களில் தரையிறங்கவும் புறப்படவும் ஒதுக்கப்பட்ட நேரங்கள், அதாவது ஸ்லாட்டுகள், அப்படிக் கடையில் கிடைப்பதில்லை. 2012இல் பிரிட்டிஷ் ஏர்வேஸின் தாய் நிறுவனமான ஐஏஜி, நட்டத்தில் ஓடிக்கொண்டிருந்த பிஎம்ஐ விமான நிறுவனத்தை ஜெர்மனியின் லுஃப்தான்சாவிடமிருந்து 17.25 கோடி பவுண்டுக்கு வாங்கியதற்கு லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தின் ஸ்லாட்டுகளே முதன்மையான காரணம். இரண்டாவது நோக்கம் வெளியே சொல்லப்படுவதில்லை: கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே இருக்கும் ஒருவர் வழித்தடத்திலிருந்து மறைந்துவிடுவார்.

இதில் சட்டமும் தன் பங்குக்குச் சிக்கலைக் கூட்டுகிறது. அமெரிக்க விமான நிறுவனம் ஒன்றில் வெளிநாட்டவர் 25 விழுக்காட்டுக்கு மேல் வாக்குரிமை வைத்திருக்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பெரும்பான்மை உரிமையும் கட்டுப்பாடும் உறுப்பு நாடுகளிடமோ அவற்றின் குடிமக்களிடமோ இருக்க வேண்டும். தொலைதூரக் கண்டத்திலிருந்து வரும் ஒருவர் வாங்கினால் உள்ளூர்ப் போட்டி பெரிதாகக் குறையாது, ஆனால் அவருக்கு அனுமதியில்லை. அதே வானத்தில் மோதிக்கொண்டிருக்கும் நேரடிப் போட்டியாளருக்கோ தடையில்லை. யார் வாங்கினால் பயணிகளுக்கு அதிகக் கேடோ, அவரே பெரும்பாலும் தகுதியுள்ள வாங்குபவராக எஞ்சுகிறார்.

அயர்லாந்தின் இரண்டு போட்டி விமான நிறுவனங்களான ரயன்ஏர், ஏர் லிங்கஸ் வழக்கை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. 2006இல் அயர்லாந்து அரசு ஏர் லிங்கஸ் பங்குகளை 2.20 யூரோ விலையில் சந்தைக்குக் கொண்டுவந்தது. சில நாட்களுக்குள்ளேயே ரயன்ஏர் கணிசமான பங்குகளைச் சேர்த்துக்கொண்டு, மீதிக்குத் தலா 2.80 யூரோ தருவதாக அறிவித்தது. நிறுவனத்தின் மொத்த மதிப்பு அந்தக் கணக்கில் சுமார் 148 கோடி யூரோ. 2007 ஜூனில் ஐரோப்பிய ஆணையம் அதைத் தடுத்தது. 2008 இறுதியில் ரயன்ஏர் மீண்டும் கேட்டது, இம்முறை 1.40 யூரோவுக்கு, அரசு மறுத்ததால் அதுவும் கைவிடப்பட்டது. 2012இல் மூன்றாம் முறையாக 1.30 யூரோ. இரு நிறுவனங்களும் 46 வழித்தடங்களில் மோதுகின்றன, இணைந்தால் 28 வழித்தடங்களில் வேறு போட்டியாளரே இருக்க மாட்டார் என்று கணக்கிட்டு, 2013 பிப்ரவரியில் ஆணையம் மறுபடியும் தடுத்தது.

இத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. இந்த ஆண்டுகள் முழுவதும் ரயன்ஏரின் கையில் ஏர் லிங்கஸின் ஏறத்தாழ 30 விழுக்காடு பங்குகள் இருந்தன. சிறப்புத் தீர்மானம் நிறைவேற முக்கால் பங்கு வாக்குகள் தேவைப்படும் இடத்தில், இவ்வளவு வைத்திருப்பவர் தலையசைக்காமல் பெரிய முடிவு எதையும் எடுக்க முடியாது. கடும் போட்டியாளர் உள்ளே உட்கார்ந்திருக்கும் நிறுவனத்தோடு இணைய வேறு யாரும் எளிதில் முன்வரவும் மாட்டார்கள். பிரிட்டனின் போட்டி ஆணையம் இதைச் சரியாகப் பிடித்தது. பங்கை 5 விழுக்காடாகக் குறைக்க வேண்டும் என்று 2013 ஆகஸ்டில் உத்தரவிட்டது. ரயன்ஏர் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கி, கடைசியில் 2015இல் ஐஏஜி ஏர் லிங்கஸை வாங்கியபோதுதான் அந்தப் பங்குகளை விட்டுக்கொடுத்தது. முதன்முறை விலைக்குக் கேட்டதற்கும் அந்த முடிவுக்கும் இடையே ஒன்பது ஆண்டுகள்.

அமெரிக்காவில் நடந்தது இன்னும் சிக்கலானது. 2022 பிப்ரவரியில் ஸ்பிரிட், ஃபிரான்டியர் என்ற இரண்டு மலிவுக் கட்டண நிறுவனங்கள் இணைவதாக அறிவித்தன. ஏப்ரலில் ஜெட்புளூ என்ற இன்னொரு விமான நிறுவனம் குறுக்கே புகுந்து அதிக விலை சொன்னது. இந்த இணைப்புக்குச் சட்ட அனுமதி கிடைக்காது என்று ஸ்பிரிட்டின் இயக்குநர் குழுவே பகிரங்கமாகச் சொல்லி மறுத்தது. ஆனால் பங்குதாரர்களுக்குக் கூடுதல் விலைதான் கண்ணில் பட்டது; போதிய ஆதரவு கிடைக்காமல் ஜூலையில் ஃபிரான்டியர் ஒப்பந்தம் முறிந்தது, மறுநாளே ஜெட்புளூவுடன் 380 கோடி டாலர் ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. ஸ்பிரிட்டின் மஞ்சள் விமானங்களில் இருக்கைகளைக் குறைத்துத் தன் பாணிக்கு மாற்றுவதே ஜெட்புளூவின் திட்டம். ஸ்பிரிட்டைக் கேலி செய்பவர்கள் அநேகர். அது பறந்த வழித்தடங்களில் மற்ற நிறுவனங்களும் விலையைக் குறைக்க நேர்ந்ததால், அதில் ஏறாமலேயே பலன் அடைந்தவர்களும் அவர்களுள் இருந்திருப்பார்கள். 2024 ஜனவரியில் நீதிபதி வில்லியம் யங் இந்த இணைப்பைத் தடுத்தார். இயக்குநர் குழு தொடக்கத்தில் எச்சரித்ததே நடந்தது.

அதே ஆண்டு நவம்பரில் ஸ்பிரிட், கடன்காரர்கள் நெருக்காதபடி நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்புக் கோரியது. வெளியே வந்து சில மாதங்களில், 2025 ஆகஸ்டில், மறுபடியும் கோரியது. உடனே நீதிபதியைப் பழிக்கும் குரல்கள் எழுந்தன. இணைய விட்டிருந்தால் நிறுவனம் பிழைத்திருக்கும் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. இணைய விட்டிருந்தாலும் ஸ்பிரிட் என்ற மலிவுக் கட்டண நிறுவனம் இருந்திருக்காது. ஜெட்புளூவின் கடன்தான் பெருகியிருக்கும். எஞ்சின் கோளாறால் விமானங்கள் தரையில் நின்றதும், செலவு ஏறியதும், பெரிய நிறுவனங்கள் மலிவுக் கட்டண இருக்கைகளைத் தாமே விற்கத் தொடங்கியதும் ஸ்பிரிட்டை வாட்டின என்பது உண்மை. அந்த நெருக்கடிக் காலத்தில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளை, தன் எதிர்காலம் தன் கையில் இல்லாத நிலையில் அது கழித்தது என்பதும் உண்மை. ஜெட்புளூ இதைத் திட்டமிட்டே செய்தது என்று சொல்ல மாட்டேன். அதுவும் முன்பணமாகப் பெருந்தொகையும், முறிவுக்கென 6.9 கோடி டாலரும் கொடுத்தது. நோக்கம் எதுவாயினும், அதற்கு எதிராக வளர்ந்திருக்கக்கூடிய ஃபிரான்டியர், ஸ்பிரிட் கூட்டு உருவாகவில்லை.

எல்லா முயற்சிகளும் இப்படி முடிவதில்லை. 2006 நவம்பரில், திவால் பாதுகாப்பில் இருந்த டெல்டா விமான நிறுவனத்தை வாங்க அதன் போட்டியாளரான யுஎஸ் ஏர்வேஸ் விலை சொன்னது. டெல்டா ஊழியர்கள் சட்டையில் எதிர்ப்பு வில்லை குத்திக்கொண்டு வேலைக்கு வந்தார்கள். கடன் கொடுத்தவர்கள் ஆதரவு தரவில்லை. ஜனவரி முடிவதற்குள் யுஎஸ் ஏர்வேஸ் விலகிவிட்டது. அந்த வசந்த காலத்திலேயே டெல்டா திவாலிலிருந்து மீண்டது. மூன்று மாதங்களுக்குள் முடிந்ததால்தான் அது மீளும் திட்டத்தை நிதானமாக நடத்த முடிந்தது என்று நினைக்கிறேன்.

நிபந்தனையோடு அனுமதிக்கும் வழக்கத்திலும் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. பிஎம்ஐ இணைப்பில் நிபந்தனையாக விட்டுக்கொடுக்கப்பட்ட ஸ்லாட்டுகளைப் பெற்று, 2013இல் வர்ஜின் அட்லாண்டிக் ‘லிட்டில் ரெட்’ என்ற உள்நாட்டுச் சேவையைத் தொடங்கியது. இரண்டரை ஆண்டுகளில் அது மூடப்பட்டது. ஸ்லாட்டை மாற்றிக் கொடுத்துவிடலாம், அங்கே நிலைத்து நிற்கும் ஒரு போட்டியாளரை ஆணையத்தால் உருவாக்கித் தர முடிவதில்லை.

பிரிட்டனின் கையகப்படுத்தல் விதிகளில், ஆர்வம் காட்டியவர் 28 நாட்களுக்குள் உறுதியான விலை சொல்ல வேண்டும், அல்லது விலக வேண்டும் என்று ஓர் ஏற்பாடு உண்டு. காலநீட்டிப்புக்கு இடம் இருந்தாலும், கெடு என்று ஒன்று இருக்கிறது. இலக்கான நிறுவனம் தொடர்ந்து வேலை பார்க்க வேண்டுமே என்ற அக்கறை அதில் தெரிகிறது. நேரடிப் போட்டியாளர் கேட்கும்போது அந்த அக்கறை இன்னும் கடுமையாக இருக்க வேண்டும்: ஆணையம் தடுத்த பிறகு வாங்கி வைத்த பங்குகளைக் குறிப்பிட்ட காலத்துக்குள் விற்றாக வேண்டும். ஐரோப்பிய ஆணையம் ரயன்ஏரின் முயற்சியை இருமுறை தடுத்தும், கட்டுப்பாடு கைமாறவில்லை என்பதால் அந்தப் பங்குகளைத் தொட அதற்கு அதிகாரம் இல்லாமல் போயிற்று. ஒன்றியத்தின் இணைப்புச் சட்டத்தில் அந்த ஓட்டை இன்னும் அடைபடவில்லை.