அந்த ஒரு தகடு எங்கே?

இன்று காலை 10:40-க்கு மறுபடியும் அந்தச் செய்தி. "தங்கள் புகார் தீர்த்துவைக்கப்பட்டது. எங்கள் சேவைக்கு ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள்?" ஐந்து வாரத்தில் இது மூன்றாவது தடவை. தீர்த்துவைத்தது யார்? எப்போது வந்தார்? எங்கள் வீட்டு மொட்டை மாடிக் கொட்டகையில் அந்த டேபிள் சா, அதாவது மேஜையிலிருந்து பிளேடு மேலே நீட்டிக்கொண்டிருக்கிற மரம் அறுக்கும் மெஷின், பழைய போர்வைக்கு அடியில் அப்படியேதான் உட்கார்ந்திருக்கிறது. இன்னும் ஒரு பலகைகூட அதில் அறுக்கவில்லை. அறுக்கவும் மாட்டேன். பிளேடுக்குப் பின்னால் நிற்கிற பாதுகாப்புத் தகடு, ரிவிங் நைஃப், வரவில்லை.

பெட்டியைப் பிரித்துப் பாதியில் வயிறு பிசையுமே, அது உங்களில் பல பேருக்குத் தெரிந்திருக்கும். 10 அங்குல பிளேடு, 1800 வாட் மோட்டார், 48,000 ரூபாய். கையேட்டில் இருந்த பட்டியலைப் பார்த்து பென்சிலால் ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டே வந்தேன். பலகையை ஒட்டித் தள்ளுகிற நேர்ச்சட்டமான ஃபென்ஸ் இருக்கிறது, குறுக்கே அறுக்கக் கோணம் பிடிக்கிற மைட்டர் கேஜ் இருக்கிறது, ஸ்பேனர் இரண்டும் இருக்கின்றன. பிளேடை மூடுகிற கார்டும் இருக்கிறது. ஆனால் அந்தக் கார்டை ரிவிங் நைஃபின் மேல்தான் மாட்ட வேண்டும். அது இல்லாவிட்டால் கார்டை வைத்து என்ன செய்ய? தெர்மோகோலில் அந்தத் தகட்டுக்கென்றே பிறை வடிவத்தில் ஒரு பள்ளம் இருந்தது. பள்ளம் காலி. பெட்டியின் மேலே டேப்புக்கு மேல் டேப் ஒட்டியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். யாரோ பிரித்து எடுத்திருக்கிறார்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்த சனிக்கிழமை பெங்களூரு கே.ஆர். மார்க்கெட் மெட்ரோவில் இறங்கி, மெஷின் வாங்கிய எஸ்.பி. ரோட்டுக் கடைக்கு நடந்தேன். விற்ற பையன் தமிழ்ப் பையன்தான். வாங்கும்போது டீ வாங்கிக் கொடுத்தவன்.

"அண்ணா, அது இல்லாமலே மெஷின் ஓடும்ணா."

"ஓடும்னு எனக்கும் தெரியும் தம்பி. அந்தப் பார்ட் எங்கே?"

"யாருமே அதை மாட்டறதில்லண்ணா. இது வரைக்கும் ஒருத்தரும் வந்து கேட்டதில்ல."

உள்ளேயிருந்து முதலாளி வந்தார். கம்பெனி சீல் வைத்த பெட்டியைத்தான் நாங்கள் விற்கிறோம், எதுவானாலும் கம்பெனிக்குப் பேசுங்கள் என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு, அடுத்தவருக்கு டிரில் பிட் எடுக்கப் போய்விட்டார். டேப்புக்கு மேல் டேப் ஒட்டியிருந்ததைப் படத்தில் காட்டினேன். அவர் பார்க்கவே இல்லை.

சரி, கம்பெனிக்கே பேசுவோம். மொழிக்கு ஒரு எண், பொருளுக்கு ஒரு எண், புகாருக்கு ஒரு எண் என்று வரிசையாக அமுக்கி, இருபது நிமிடம் பாட்டுக் கேட்டு, ஒரு பெண் வந்தார். மெஷினின் சீரியல் நம்பர் கேட்டார். அது மெஷினுக்கு அடியில் ஒட்டியிருக்கிறது. முப்பது கிலோ மெஷினை ஒற்றை ஆளாகச் சாய்த்து, டார்ச் அடித்து, பதினாறு எண்களையும் படித்தேன். திருப்பிச் சொன்னார், ஒரு எண் தப்பு. மறுபடி சாய்த்தேன். பில் நம்பர் கேட்டார். கடையின் ஜிஎஸ்டி நம்பர் கேட்டார். எல்லாம் முடிந்த பிறகு, "குறையுள்ள பாகத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள் சார்" என்றார்.

குறையெல்லாம் ஒன்றுமில்லை, பாகமே இல்லை என்றேன்.

"புரிகிறது சார். அந்தப் பாகத்தின் படம் இருந்தால்தான் புகாரைப் பதிய முடியும்."

இல்லாத பாகத்தை எப்படிப் படம் எடுப்பது? இதை நான் நான்கு விதமாகக் கேட்டேன். நான்கு தடவையும் அதே பதில். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் கையில் ஒரு காகிதம் இருக்கிறது, அதில் எழுதியிருப்பதைப் படிக்கிறார். எழுதிக் கொடுத்தவன்மேல்தான் கோபம். கடைசியில் தெர்மோகோலின் காலிப் பள்ளத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். பக்கத்தில் கையேட்டின் பட்டியலை விரித்து வைத்து, அந்த வரியைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, தெளிவாகத்தான் எடுத்தேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: "அனுப்பிய படத்தில் பாகம் தெரியவில்லை. மீண்டும் அனுப்பவும்."

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பாகம் தெரியவில்லை என்பதுதானே ஐயா என் புகார்!

மறுபடி பேசி, மறுபடி பாட்டுக் கேட்டு, கடைசியில் ஒரு டெக்னீஷியனை அனுப்புவதாகச் சொன்னார்கள். ஓசூர்க்காரர், சின்ன வயது, நல்ல பையன். தகட்டைக் கொண்டு வந்திருப்பார் என்று நினைத்துக் கதவைத் திறந்தேன். அவரை அனுப்பியது "இன்ஸ்டலேஷனுக்கு". பதினோரு நிமிடத்தில் முடித்துவிட்டார். ஃபென்ஸும் பிளேடும் இணையாக இருக்கின்றனவா என்று இஞ்சி டேப் வைத்துப் பார்த்து, கரெக்டா இருக்குண்ணா என்றார். அவர் போன பிறகு நானே அளந்தேன். பிளேடின் ஒரு பல்லில் மார்க்கரால் புள்ளி வைத்து, மைட்டர் கேஜ் ஓடுகிற மேஜைப் பள்ளமான மைட்டர் ஸ்லாட்டிலிருந்து அந்தப் பல்லுக்கு எவ்வளவு தூரம் என்று முன்னால் அளந்து, அதே பல்லைக் கையால் பின்பக்கம் சுற்றிக் கொண்டுவந்து மறுபடி அளந்தேன். 1.2 மில்லிமீட்டர் வித்தியாசம். ஃபென்ஸோ பின்பக்கம் பிளேடை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. பலகை பின்னால் போகப் போக பிளேடோடு சேர்த்து நெரிபடும். இதைத்தான் கரெக்ட் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிப் போயிருக்கிறார்கள். அடியிலிருந்த போல்ட்டுகளைத் தளர்த்தி நானே சரி செய்தேன், அரை நாள் ஆனது. அது போகட்டும், என் கையால் முடிகிற வேலை. தகட்டை நான் எங்கே போய்ச் செய்வேன்?

அந்தப் பையனிடமும் கேட்டேன். "பட்டறையில எல்லாரும் அதைக் கழட்டித்தான் வெச்சிருக்காங்கண்ணா, அது இல்லாமலே ஓடும்." அதே வார்த்தை. கடைக்காரனிடமிருந்து டெக்னீஷியன் வரை எல்லார் வாயிலும் அதே வார்த்தை.

ஓடும். பிளேடு ஓடாது என்று யார் சொன்னது? 254 மில்லிமீட்டர் பிளேடு நிமிடத்துக்கு 3650 சுற்று சுற்றும்போது அதன் பல் மணிக்கு 175 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. பலகையை நீளவாக்கில் அறுக்கும்போது மரத்துக்குள் இருக்கிற இறுக்கம் விடுபட்டு, அறுத்த வாய் பிளேடுக்குப் பின்னால் மூடிக்கொள்ளப் பார்க்கும். முன்பக்கப் பல் மரத்தை மேஜையோடு அழுத்துகிறது, பின்பக்கப் பல் மேலே ஏறுகிறது. அந்தப் பின்பல் மரத்தைக் கவ்வினால் பலகையைத் தூக்கி நம் வயிற்றை நோக்கி எறியும். தள்ளிக்கொண்டிருந்த கை பிடிமானம் போய் பிளேடின் மேல் விழும். அந்த வாய் மூடாமல் பார்த்துக்கொள்வதுதான் இந்தத் தகட்டின் வேலை. கைரம்பத்தால் அறுக்கிற பழைய ஆசாரிகூட அறுத்த வாயில் ஓர் ஆப்பு செருகிவிட்டுத்தான் மேலே அறுப்பார். அவருக்குத் தெரிந்தது இவர்களுக்குத் தெரியவில்லையா?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்றால், என் மாமாவின் இடது கை. கோலார் தங்கவயலில் மரவேலை பார்த்தவர். 2001-இல் சுரங்கத்தை மூடிய பிறகு குடும்பத்தோடு பெங்களூருக்கு வந்து ஸ்ரீராமபுரத்தில் ஒரு பட்டறையில் சேர்ந்தார். அங்கே இருந்தது இரும்பு மேஜையில் மோட்டாரைப் பூட்டி அவர்களே செய்த ரம்பம். கார்டும் கிடையாது, தகடும் கிடையாது. அதுவும் ஓடியது. மூன்றாவது வருடம் ஒரு பூவரசுப் பலகை எகிறி நடுவிரலும் மோதிர விரலும் போயின. இன்றும் மாமா சாதத்தைப் பிசையும்போது இடது கையை மடியில் மறைத்து வைத்துக்கொள்வார். பட்டறைக்காரன் அன்று சொன்னது, கவனமாக இருந்திருக்க வேண்டும் என்று. எப்போதும் கவனத்தின் மேல்தான் பழி. தகட்டின் மேல் யாரும் பேசுவதில்லை.

அமெரிக்காவில் டேபிள் சா பிளேடு பட்டு ஆண்டுக்கு 30,000 பேர் அளவில் அவசர சிகிச்சைக்குப் போகிறார்கள் என்று அந்த நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையமே கணக்குச் சொல்கிறது. அங்கே ஸ்டீவ் காஸ் என்பவர், விரல் பட்டால் 5 மில்லி விநாடிக்குள் பிளேடை நிறுத்துகிற அமைப்பை 1999-லேயே செய்து காட்டிவிட்டார். அந்த மாதிரி மெஷினை நான் கேட்கவில்லை. அதற்கு என்னிடம் காசும் இல்லை. நான் காசு கொடுத்து வாங்கிய பொருளின் பட்டியலில் அச்சடித்திருக்கிற ஓர் இரும்புத் தகட்டைத்தான் கேட்கிறேன்.

அதுவும் ஒருநாள் வந்தது. கூரியரில், கவரைப் பிரித்ததும் கை நடுங்கியது, அவ்வளவு சந்தோஷம். தடிமனைத் துல்லியமாக அளக்கிற வெர்னியரை வைத்து அளந்தேன். தகடு 3 மில்லிமீட்டர். என் பிளேடு அறுக்கிற வாய் 2.6 மில்லிமீட்டர். தகடு பிளேடின் உடம்பைவிடத் தடிமனாகவும், அறுக்கிற வாயைவிட மெல்லிசாகவும் இருக்க வேண்டும். இதை மாட்டினால் மரம் தகட்டில் முட்டி நின்றுவிடும், ஓர் அங்குலம் தாண்டாது. வேறு ஏதோ மாடலின் தகடு. இதை அனுப்பிவிட்டுத்தான் இரண்டாவது முறை புகாரை மூடினார்கள். திருப்பி அனுப்பிய கூரியர் காசு என்னுடையது.

இன்று மூடியதற்குக் காரணம் என்ன என்று பேசிக் கேட்டேன். "வாடிக்கையாளரைத் தொடர்புகொள்ள முடியவில்லை" என்று பதிவாகியிருக்கிறதாம். எந்த எண்ணுக்கு முயன்றீர்கள் என்றேன். என் எண்ணைத்தான் சொன்னார்கள். அந்த எண்ணிலிருந்துதானே அம்மா நான் இப்போது உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன்! அந்தப் பக்கம் ஒரு நொடி சத்தமே இல்லை. அப்புறம் அவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்துவிட்டேன். முடியவில்லை. ஐந்து வாரமாகக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. புதுப் புகார் எண் கொடுத்தார். எழுதி வைத்திருக்கிறேன்.

மகளுக்குப் படிப்பு மேஜை செய்கிறேன் என்று சொல்லித்தான் இந்த மெஷினையே வாங்கினேன். அவள் இன்னும் கட்டிலில் உட்கார்ந்துதான் எழுதுகிறாள். பொறுக்க முடியாமல் இன்று மத்தியானம் கைரம்பத்தை எடுத்து மேல்பலகையை அறுக்க உட்கார்ந்தேன். அறுப்பதற்கு முன்னால் பிளைவுட்டை அளந்தேன். பில்லில் 18 மில்லிமீட்டர் என்று போட்டிருக்கிறது, காசும் 18-க்குத்தான் கொடுத்தேன். நான்கு மூலையிலும் அளந்தேன். 16.7. இன்னொரு மூலையில் 16.5. நாளைக்கு அந்தத் துண்டையும் வெர்னியரையும் எடுத்துக்கொண்டு முதல் வேலையாக மரக்கடைக்குத்தான் போகிறேன்.