நினைவு இல்லாமல் பாக்டீரியா உணவைத் தேடி நீந்த முடியாது

"பாக்டீரியா சூழலுக்கு வெறும் எதிர்வினை காட்டுகிறது, அவ்வளவுதான்" என்று உங்கள் தளத்தில் பாக்டீரியா பற்றி வந்த கட்டுரையில் உள்ள வரியை ஏற்க மனம் வரவில்லை. கடலூரில் பிளஸ் டூ மாணவர்களுக்கு உயிரியல் எடுக்கிறேன். கெடிலம் ஆற்றுத் தண்ணீரில் ஒரு சொட்டை 400 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் பொடிப்பொடிக் குச்சிகள் நேராக ஓடும், சட்டென்று திசை மாறிக் கிளம்பும். பிள்ளைகள் கண்ணை எடுக்கவே மாட்டார்கள்.

அந்தத் திசைமாற்றத்தில்தான் விஷயமே இருக்கிறது. ஈ.கோலை என்ற பாக்டீரியாவின் நீளம் சுமார் 2 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் இரண்டு பங்கு. முன்பக்கம் உணவு அதிகமா, பின்பக்கமா என்று ஒப்பிட அந்த உடம்பு போதாது. அதனால் நேரத்தை வைத்து ஒப்பிடுகிறது: இப்போதுள்ள சர்க்கரை சில நொடிகளுக்கு முன் இருந்ததைவிடக் கூடுதலா? கூடுதலென்றால் ஓட்டம் நீளும். குறைந்தால் சீக்கிரமே தடுமாறி வேறு பக்கம் திரும்பும். முந்தைய அளவைப் பதிந்து வைப்பவை சுற்றியுள்ள வேதிப்பொருளை உணரும் ஏற்பிப் புரதங்களில் ஒட்டியும் கழன்றும் வரும் மெத்தில் என்ற சின்னஞ்சிறு வேதித் தொகுதிகள். மூளை கிடையாது, நரம்பு கிடையாது, ஆனாலும் இது நினைவுதான். ஒற்றைச் செல்லையே பின்தொடரும் நுண்ணோக்கியை அமைத்து, ஆய்வாளர்கள் ஹோவர்டு பெர்க்கும் டக்ளஸ் பிரவுனும் 1972-இலேயே இந்த ஓட்டத்தை அளந்து காட்டிவிட்டார்கள்.

அடுத்த பகுதியில் கட்டுரையாளர் இதைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். பாடப்புத்தகத்தைத் தாண்டிப் படிக்கும் பிள்ளைகள் உங்கள் தளத்தைத்தான் பார்க்கிறார்கள்.