பிச்சையில் பிறந்த 'பிரைப்'

லஞ்சத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'பிரைப்' என்ற சொல்லின் பழைய பிரெஞ்சு மூலம், பிச்சைக்காரருக்கு இடும் ரொட்டித் துண்டைக் குறித்தது. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது ஆங்கிலத்தில் திருட்டுப் பொருளுக்குப் பெயராக நின்றது. 'பிரைபர்' என்றால் திருடன், மிரட்டிப் பறிப்பவன். அதிகாரியை வளைக்கக் கொடுப்பது என்ற இன்றைய பொருள் 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் தலைகாட்டுகிறது. பறித்தவனைச் சுட்டிய பெயர் இப்படித்தான் கொடுத்தவன் தலையில் ஏறியது. பழைய பொருளே நேர்மையானது என்பேன்.

பிச்சையும் கொள்ளையும் ஒரே சொல்லில் எப்படிச் சேர்ந்தன என்று நாம் திகைக்க வேண்டியதில்லை. "வேலொடு நின்றான் இடுவென் றதுபோலும் கோலொடு நின்றான் இரவு" என்று கொடுங்கோன்மை அதிகாரத்தில் வள்ளுவர் இரண்டையும் முடிச்சுப் போட்டிருக்கிறார். பட்டா மாறுதலுக்காக அலைந்த எவருக்கும் இந்தக் குறளுக்கு உரை தேவைப்படாது. பாளையங்கோட்டைப் பக்கத்து அலுவலகம் ஒன்றில், "அண்ணாச்சி, பாத்து கவனிச்சிருங்க" என்று என்னிடம் கேட்ட குரலில் கெஞ்சல்தான் இருந்தது. ஆனால் என் மனு அவருடைய முழங்கைக்கு அடியில் இருந்தது. பண்டிகைக் காலமென்றால் நெய் கசியும் அல்வாப் பொட்டலமும் மேசைக்குப் போகும். (அல்வா கொடுத்தவனே ஏமாறுவது அங்கு மட்டும்தான்.)

1621இல் இங்கிலாந்தின் லார்ட் சான்சலர் பிரான்சிஸ் பேக்கன், வழக்காடிகளிடம் பணமும் பரிசும் பெற்றதை ஒப்புக்கொண்டு பதவியிழந்தார்; 40,000 பவுண்டு அபராதமும் விதிக்கப்பட்டது. வாங்கியதற்காகத் தீர்ப்பை வளைக்கவில்லை என்பது அவர் தரப்பு. நம் ஊரில் இதற்கு 'மாமூல்' என்று பெயர். வழக்கமானது என்ற பொருளுள்ள அரபுச் சொல்லைப் போர்த்திவிட்டால் குற்றம் சம்பிரதாயமாகிவிடுகிறது.

1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டபோது, கொடுப்பவருக்கும் ஏழு ஆண்டுகள் வரை சிறை என்று வந்தது. முன்கூட்டியே லஞ்ச ஒழிப்புத் துறையிடம் சொல்லிவிட்டு, ரசாயனப் பொடி தடவிய நோட்டைக் கொண்டுபோய்க் கொடுப்பவருக்கு விலக்கு உண்டு. கட்டாயத்தின்பேரில் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் புகார் செய்தால் அவருக்கும் விலக்கு உண்டு. பறிப்பு என்ற பழைய பொருளைச் சட்டம் இவ்வளவாவது நினைவில் வைத்திருப்பது நல்லதே. ஆனால் பட்டா கைக்கு வராத நிலையில், வேலையை முடித்துத்தர வேண்டியவர்மீதே ஏழு நாளில் புகார் எழுதும் துணிவு எத்தனை விவசாயிகளுக்கு இருக்கும்? அந்தக் கெடுவை, பணம் கைமாறிய நாளிலிருந்து அல்லாமல், மனுவின்மீது இறுதி உத்தரவு வந்த நாளிலிருந்து கணக்கிட வேண்டும் என்பதே என் கருத்து.