எதிர்ச் சுவரையும் கொஞ்சம் பாருங்களேன்

பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் மோனா லிசா இருக்கும் கூடத்துக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது ஓவியம் இல்லை, தலைக்கு மேல் தூக்கிப் பிடித்த கைபேசிகள்தான். 77 செ.மீ. உயரம், 53 செ.மீ. அகலமுள்ள மரப்பலகையில் வரைந்த சின்ன ஓவியம் அது. முண்டியடித்து முன்னால் வந்தவர்களாவது அதைப் பார்க்கிறார்களா? படத்துக்கு முதுகைக் காட்டி ஒரு செல்ஃபி, அப்புறம் நேரே வெளியே.

சரி, அது அவர்கள் விருப்பம். என் ஆற்றாமை எதிர்ச் சுவரைப் பற்றியது. அங்கே இத்தாலிய ஓவியர் வெரோனேசே 1563-ல் வரைந்து முடித்த ‘கானாவூர்த் திருமணம்’ இருக்கிறது; பைபிளில் இயேசு தண்ணீரைத் திராட்சை ரசமாக்கிய விருந்துக் காட்சி. உயரம் ஏறக்குறைய 7 மீட்டர், அகலம் 10 மீட்டர். லூவரிலேயே பெரிய ஓவியம். வெனிஸில் ஒரு மடத்தின் உணவுக்கூடத்துக்காக வரைந்ததை, 1797-ல் நெப்போலியனின் படை இறக்கி, துண்டு துண்டாக வெட்டிப் பாரிஸுக்குக் கொண்டுவந்தது. நடுவில் இயேசு. சுற்றிலும் பட்டுடுத்திய விருந்தினர், வாத்தியக்காரர்கள், திராட்சை ரசம் ஊற்றுகிறவர், நாய்கள். இயேசுவின் தலைக்கு நேர் மேலே, மாடத்தில் இறைச்சி வெட்டிக்கொண்டிருக்கிறார்கள்! பைபிள் கதைக்குள் 16-ம் நூற்றாண்டு வெனிஸின் செல்வச் செழிப்பு மொத்தமும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஒவ்வொரு முகமாகப் பார்க்கவே அரை மணி நேரம் வேண்டும். ஆனால் நின்று பார்க்க விட்டால்தானே? மோனா லிசாவோடு படமெடுக்கப் பின்னாலேயே நகர்ந்து வருகிறவர்கள் மேலே வந்து மோதுகிறார்கள். மோதியவர்களும் திரும்பி நம்மைத்தான் முறைக்கிறார்கள், அந்தச் சுவரை ஏறிட்டும் பார்ப்பதில்லை.