ஏற்கும் முன் வாசித்துக் காட்டுங்கள்

செயற்கை நுண்ணறிவு உதவியாளருடன் மேடையில் நேரடியாக நிரல் எழுதிக் காட்டுபவர்கள், ஒத்திகையில் பலித்த கேள்வியை அப்படியே ஒட்டினால் போதும் என்கிறது நான் வாசித்த ஒரு கட்டுரை. இதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்த உதவியாளர்களை இயக்கும் மொழி மாதிரிகள் அடுத்தடுத்த சொல்லை நிகழ்தகவின்படி தேர்ந்தெடுப்பவை. நேற்று வந்த நிரலே இன்றும் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கோப்பின் பெயர் மாறலாம், கேட்காத நூலகம் (பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்பு) ஒன்று உள்ளே வரலாம்.

வந்ததை வாசிக்காமலே ஏற்றுக்கொண்டு நகர்வதுதான் எனக்குப் பெரிய உறுத்தல். திரையில் 40 வரிகள் பச்சை நிறத்தில் ஓடுகின்றன. பேச்சாளர் அடுத்த கேள்விக்குத் தாவிவிடுகிறார். பார்க்க வந்தவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியதே அந்த இடத்தில்தான் இருக்கிறது! ஒரு வரியைச் சுட்டிக்காட்டி, 'பட்டியல் காலியாக இருந்தால் இது நின்றுவிடும்' என்று சொல்லுங்கள். அதற்கொரு சோதனை எழுதி, அது தோற்றுச் சிவப்பாவதைக் காட்டுங்கள். அரங்கமே நிமிர்ந்து உட்காரும்.

ஒவ்வொரு படியையும் கிட்டில் (Git, நிரலின் மாற்றங்களைச் சேமித்து வைக்கும் கருவி) பதிந்து வைத்தால், உதவியாளர் தடம் புரண்டாலும் ஒரே கட்டளையில் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். இன்னொன்று, ரகசியச் சாவிகள் (இணையச் சேவைகளை அணுகக் கடவுச்சொல் போலப் பயன்படும் குறியீடுகள்) உள்ள கோப்பை உதவியாளரே திறந்து எல்லோர் முன்னிலும் கொட்டிவிடக்கூடும். மேடைக்கென்று தனிச் சாவி உருவாக்கி, நிகழ்ச்சி முடிந்த கையோடு ரத்து செய்துவிடுங்கள்.